சட்டத்துக்கு அடங்காத மட்டை

சனிக்கிழமை காலை கமுந்திங் நிலையத்தில் கொமுட்டர் ரயிலில் ஏறினால் பட்டர்வொர்த் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ரயில் புக்கிட் மேரா ஏரியின் மேல் ஓடும். இரு பக்கமும் தண்ணீர். அந்த அழகை விட்டுவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய ஓர் அறிவியல் ஆசிரியை, கையடக்க விளையாட்டுக் கருவியைக் குனிந்து பார்த்தபடி ஒரு சிறு குச்சியை இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, நினைத்ததைச் சொல்லியே விட்டார்: "புள்ளைங்களத்தான் திட்டுறோம், டீச்சரம்மாவே இப்படியா!"

அந்தப் பயணத்தில்தான் எட்டு ஆண்டுகளாக வகுப்பில் நான் சொல்லிவந்த ஒன்று தவறு என்று கண்டுகொண்டேன். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். திரையின் மேற்பகுதியில் வரிசை வரிசையாகச் செங்கற்கள். கீழே இடமும் வலமும் நகரும் ஒரு மட்டை. நடுவில் ஒரு பந்து. பந்து செங்கல்லில் பட்டால் செங்கல் உடையும், பந்து திரும்பி வரும். அதைக் கீழே விழவிடாமல் மட்டையால் தட்டி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். 1976இல் அட்டாரி நிறுவனம் 'பிரேக்அவுட்' என்ற பெயரில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக இதை வெளியிட்டது. பத்தாண்டு கழித்து, 1986இல், ஜப்பானின் டைட்டோ நிறுவனம் இதற்கு வண்ணம் பூசி, விண்வெளிக் கதை ஒன்றைச் சேர்த்து 'ஆர்க்கனாய்டு' என்று கொண்டுவந்தது. அதில் சில செங்கற்களை உடைத்தால் சிறு குளிகைகள் விழும். ஒரு குளிகை மட்டையை நீளமாக்கும், ஒன்று பந்தை மூன்றாக்கும், ஒன்று மட்டைக்குச் சுடும் ஆற்றலைத் தரும். அதே டைட்டோ 2007 இறுதியில் நிண்டெண்டோவின் இரட்டைத் திரைக் கருவிக்காக 'ஆர்க்கனாய்டு டிஎஸ்' என்று அதைப் புதுப்பித்து வெளியிட்டது. இரண்டு திரைகளும் மேலும் கீழுமாக ஒரே உயரமான ஆடுகளமாகிவிடும். செங்கற்கள் மேல் திரையில், மட்டை கீழ்த் திரையில்.

சக ஆசிரியர் ஒருவர் அலமாரியைக் காலி செய்தபோது அந்தக் கருவியும் ஆட்டமும் எனக்கு வந்து சேர்ந்தன. இன்றைய கைப்பேசி ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. ஒரே ஒரு செங்கல் மூலையில் மிஞ்சி நிற்கும்போது பந்து அதைச் சுற்றிச் சுற்றிப் போகும், ஆனால் படாது. அந்த ஐந்து நிமிடத்தில் வரும் எரிச்சலுக்கு ஈடான எரிச்சலை நான் பள்ளிக் கூட்டங்களில் மட்டுமே அனுபவித்திருக்கிறேன்.

வகுப்பில் நடந்தது

ஒன்றாம் படிவ அறிவியலில் ஒளி பற்றிய பாடம் வரும். ஒளி எதிரொளிப்பு விதி உங்களுக்கு நினைவிருக்கும். கண்ணாடிக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். ஒளிக்கதிர் அந்தக் கோட்டோடு எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ, அதே கோணத்தில் கோட்டின் மறுபக்கம் திரும்பிப் போகும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம்.

கதிர்ப்பெட்டியையும் கண்ணாடியையும் எடுக்கும் முன், மாணவர்களைப் பிடித்து இழுக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். மடிக்கணினியில் செங்கல் உடைக்கும் ஆட்டம் ஒன்றைத் திறந்து, ஒளிவீழ்த்தி வழியாக வெண்பலகையில் விழச் செய்வேன். "பாருங்கள், பந்து சுவரில் பட்டு எப்படித் திரும்புகிறது? ஒளியும் இப்படித்தான்" என்பேன். வகுப்பே விழித்துக்கொள்ளும்.

இந்த ஆண்டு ஒரு படி மேலே போனேன். ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி, பந்து இருக்கும் இடத்தில் பலகையில் பேனாவால் புள்ளி வைக்கச் சொன்னேன். புள்ளிகளை இணைத்துப் பெரிய மரப் பாகைமானியால் அளந்தோம். பக்கச் சுவரில் உள்ளே வந்த கோணம் 35 பாகை, வெளியே போன கோணமும் 35 பாகை. மேல் சுவரிலும் இரண்டும் சமம். நான் பூரித்துப்போனேன்.

அப்போது ஜன்னலோரம் அமர்ந்திருக்கும், அதிகம் பேசாத ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "டீச்சர், செவுத்துல சரியா வருது. மட்டையில மட்டும் சரியா வரல. சாஞ்சு வந்து நேரா மேல போகுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புள்ளி வைத்ததில் பிழை இருக்கும். புத்தகத்தில் உள்ள படத்தை வரைந்துகொள்ளுங்கள்." மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. அவள் தலையாட்டிவிட்டுப் புத்தகத்துப் படத்தை அழகாக வரைந்தாள். அதன்பின் இரண்டு வாரம் என் வகுப்பில் அவள் கை உயரவில்லை. அதை அப்போது நான் கவனிக்கக்கூட இல்லை.

ரயிலில் நடந்தது இதுதான். பந்து இடப்பக்கமிருந்து சாய்ந்து வந்தது. மட்டையை நகர்த்தக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன், மட்டையின் இடது ஓரத்தில்தான் பந்து பட்டது. பட்டவுடன் வந்த வழியே, இடப்பக்கமே திரும்பிப் போனது. விதிப்படி அது வலப்பக்கம் போயிருக்க வேண்டும். இதைப் பார்க்கப் பாகைமானியே வேண்டாம். தட்டையான கண்ணாடியில் சாய்ந்து விழுந்த ஒளி, வந்த பக்கமே திரும்புவதை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?

வேண்டுமென்றே பலமுறை செய்து பார்த்தேன். மட்டையின் இடது ஓரத்தில் பட்டால் இடப்பக்கம், வலது ஓரத்தில் பட்டால் வலப்பக்கம், நடுவில் பட்டால் ஏறக்குறைய நேராக மேலே. பந்து எந்தக் கோணத்தில் வந்தது என்பதை மட்டை பெரிதாகப் பொருட்படுத்துவதே இல்லை. எங்கே பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. பாரிட் புந்தார் வருவதற்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பிள்ளை சொன்னது சரி. பிழை அவள் வைத்த புள்ளியில் இல்லை, என் பாடத்தில் இருந்தது.

மட்டையும் விதிக்கு அடங்கினால்?

ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு இயற்பியல் தெரியாமல் போய்விட்டதா? இல்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். ஏன் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு கட்டத்தாளும் பென்சிலும் போதும்.

6 கட்ட அகலமும் 4 கட்ட உயரமும் உள்ள ஒரு செவ்வகம் வரையுங்கள். இடது கீழ் மூலையிலிருந்து 45 பாகையில், கட்டங்களின் மூலைவிட்டமாகவே, ஒரு கோடு இழுங்கள். சுவரில் இடித்தால் விதிப்படி திருப்புங்கள். கோடு மேல் சுவரில் இடிக்கும், பிறகு வலது சுவரில், பிறகு தரையில். மூன்று முறை மோதிய பின் இடது மேல் மூலையில் போய் முட்டும். மூலையில் முட்டினால்? வந்த வழியே திரும்பிவிடும். அப்படியே போய்த் தொடங்கிய மூலைக்கு வரும். மீண்டும் அதே பாதைதான். நூறு ஆண்டு ஓடவிட்டாலும் அதே பாதைதான்.

இப்போது எண்ணுங்கள். மொத்தம் 24 கட்டங்கள். கோடு கடந்து போனது 12 கட்டங்களை மட்டுமே. மற்ற 12 கட்டங்களுக்குள் பந்து நுழையவே நுழையாது. அந்த 12இல் ஒன்றில் ஒரு செங்கல் இருந்தால்?

இதற்குள் இருக்கும் கணக்கு எளிது. பந்தின் வேகத்தை இரண்டு கூறுகளாகப் பிரியுங்கள். ஒன்று பக்கவாட்டில், மற்றது மேல்நோக்கி. பந்து ஒவ்வொரு கணமும் வலப்பக்கம் 3, மேலே 4 என்று நகர்கிறது என வைத்துக்கொள்வோம். பக்கச் சுவரில் மோதினால் கணினி செய்வது ஒன்றே ஒன்று: பக்கவாட்டு எண்ணின் குறியை மாற்றுகிறது. வலம் 3 என்பது இடம் 3 ஆகும். மேல்நோக்கிய 4 அப்படியே இருக்கும். மேல் சுவரில் மோதினால் மேல் 4 என்பது கீழ் 4 ஆகும், பக்கவாட்டு எண் மாறாது. இந்தக் குறி மாற்றம்தான் எதிரொளிப்பு விதி. ஆனால் எண்கள் 3, 4 என்பவை ஒருபோதும் மாறுவதில்லை. ஆகவே பந்தின் சாய்வும் ஒருபோதும் மாறாது. மட்டையும் இதே விதிக்கு அடங்கியிருந்தால், ஆடுபவர் செய்யக்கூடியது பந்தைப் பிடிப்பது மட்டும்தான். எங்கே அனுப்புவது என்பதில் அவருக்குப் பேச்சே இல்லை. முதல் பந்து எந்தக் கோணத்தில் கிளம்பியதோ அந்தக் கோணமே தலையெழுத்து.

இந்த முடிச்சை அவிழ்த்தது பிரேக்அவுட்டும் அல்ல, அதற்கு நான்கு ஆண்டு முந்திய 'பாங்'. 1972இல் அட்டாரிக்காக அதை உருவாக்கிய ஆலன் ஆல்கார்ன், மட்டையை எட்டுத் துண்டுகளாகப் பிரித்தார். நடுத் துண்டுகளில் பட்ட பந்து நேராகத் திரும்பும். ஓரத்துக்குப் போகப் போகச் சாய்வு கூடும். அந்த ஒரு மாற்றத்தால் பந்தைத் தடுப்பது மட்டுமல்ல, குறிவைத்து அடிப்பதும் ஆட்டத்துக்குள் வந்தது. நாற்பக்கச் செவ்வகத்தில் மூன்று பக்கம் இயற்கை விதிப்படி நடக்கிறது, நான்காவது பக்கம் மட்டும் மனிதர் சொல்படி நடக்கிறது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது.

சின்ன வயதில் என்னிடம் இருந்த கையடக்க ஆட்டத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். 1990களில் இரவுச் சந்தைகளில் கிடைக்குமே, '9999 ஆட்டங்கள்' என்று பெட்டியில் போட்டிருக்கும் சாம்பல் நிறக் கருவி. திரையில் அகலத்துக்கு 10, உயரத்துக்கு 20 என மொத்தம் 200 சதுரங்கள்தான். அதிலும் செங்கல் உடைக்கும் ஆட்டம் உண்டு. பந்து என்பது ஒரு கறுப்புச் சதுரம், அது மூலைவிட்டமாக மட்டுமே போகும். சில சமயம் கடைசிச் செங்கல்லை உடைக்கவே முடியாமல் பந்து ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி போய்விட்டது, கருவி கெட்டுவிட்டது என்று அழுதிருக்கிறேன். கெட்டுப்போகவில்லை. 6க்கு 4 கட்டத்தாளில் நீங்கள் இப்போது வரைந்த சிறைதான் அது.

சில்லுகளால் கட்டிய சுவர்

அந்தச் சாம்பல் நிறக் கருவியை வாங்கித் தந்தவர் என் சித்தி. தைப்பிங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது. சித்திதான் முதலில் தோட்டத்தை விட்டுப் பினாங்குக்கு மின்னணுத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். இப்போது ஓய்வுபெற்று பட்டர்வொர்த்தில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் நான் ரயிலேறுவது அவரைப் பார்க்கத்தான்.

அவர் பார்த்த வேலைக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1976ஆம் ஆண்டின் பிரேக்அவுட் இயந்திரத்துக்குள் இன்று நாம் சொல்லும் பொருளில் கணினியே கிடையாது. நுண்செயலி இல்லை, நிரலும் இல்லை. 'பந்து சுவரில் பட்டால் குறியை மாற்று' என்ற கட்டளையை யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்குப் பதில், ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லத் தெரிந்த சிறு தர்க்கச் சில்லுகளைக் கம்பிகளால் இணைத்து, அந்த இணைப்பே விதியாக இருக்கும்படி செய்தார்கள். சில்லு குறைந்தால் செலவு குறையும். எனவே குறைந்த சில்லுகளில் வடிவமைக்கும் வேலை அட்டாரியில் இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் என்ற இளைஞரிடம் போனது. அவர் தம் நண்பர் ஸ்டீவ் வாஸ்னியாக்கை அழைத்தார். வாஸ்னியாக் பகலில் வேறு நிறுவனத்தில் கணிப்பான் வடிவமைப்பவர். தூக்கமில்லாமல் நான்கே நாளில் ஐம்பதுக்கும் குறைவான சில்லுகளில் முழு ஆட்டத்தையும் முடித்துக் கொடுத்தார். அது அவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டிருந்ததால் அட்டாரிப் பொறியாளர்களால் அதை அப்படியே தயாரிப்புக்குக் கொண்டுபோக முடியவில்லை. விற்பனைக்கு வந்த இயந்திரத்தில் சில்லுகள் அதைவிட மிக அதிகம். பணத்தைப் பங்கிட்டதில் நண்பர்கள் இருவருக்கும் பின்னாளில் மனக்கசப்பு வந்தது தனிக் கதை.

திரையும் கறுப்பு வெள்ளைதான். செங்கற்களுக்கு நிறம் வேண்டுமே? திரைக் கண்ணாடியின் மேல் வண்ணத் தாளைப் பட்டை பட்டையாக ஒட்டிவிட்டார்கள்! மொத்தம் 8 வரிசை, வரிசைக்கு 14 செங்கல். கீழிருந்து மேலாக இரண்டிரண்டு வரிசைக்கு மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. மதிப்பெண் முறையே 1, 3, 5, 7. ஒரு சுவரை முழுதாக உடைத்தால் எத்தனை மதிப்பெண் என்று வீட்டுப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 448 வர வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1977இல், ஆப்பிள் 2 கணினி வந்தது. அதில் வண்ணம், ஒலி, திருகுக் கட்டுப்பாடு எல்லாம் இருந்தன. அவற்றில் பலவற்றைச் சேர்த்ததே இந்த ஆட்டத்தை நிரலாக எழுதி ஆடிப்பார்க்கத்தான் என்று வாஸ்னியாக் சொல்லியிருக்கிறார். சில்லுகளைக் கம்பியால் இணைத்துச் செய்ததை, இப்போது தட்டச்சு செய்து செய்ய முடிந்தது. மட்டையின் நிறம் பிடிக்கவில்லையா, ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

பினாங்கு இதில் எங்கே வருகிறது என்கிறீர்களா? 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் திறந்தது. அந்த ஆண்டுகளில் வேறு பல நிறுவனங்களும் பாயான் லெப்பாசுக்கு வந்தன. சிலிக்கான் துண்டைச் சட்டத்தில் பொருத்தி, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் அதன் முனைகளைக் கால்களோடு இணைத்து, மூடி, சோதித்து அனுப்பும் வேலை இங்கே நடந்தது. அந்தக் காலத்து மின்னணுப் பொருள்களைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சில்லின் முதுகில் 'மலேசியா' என்று அச்சிட்டிருப்பது தெரிந்திருக்கும். சித்தி பார்த்தது அந்தக் கம்பி இணைக்கும் வேலை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண் வைத்தபடி. "ஒரு கம்பி தள்ளி விழுந்தா மொத்தமும் குப்பை" என்பார். பால் வெட்டும்போது கத்தி ஆழமாகப் போனால் மரம் கெடும் என்று தாத்தா சொன்னதும் ஏறக்குறைய இதே குரலில்தான்.

திருகா, பொத்தானா?

கையடக்கக் கருவிக்கு இந்த ஆட்டம் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் சுவையே அதில்தான் இருக்கிறது.

பழைய இயந்திரத்தில் மட்டையை நகர்த்தியது ஒரு வட்டத் திருகு. பழைய வானொலியில் ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருப்புவோமே, அதே வகை மாறுமின்தடை. திருகைத் திருப்பினால் மின்தடை மாறும். மின்தடை மாறினால் ஒரு மின்தேக்கி நிறைய எடுக்கும் நேரம் மாறும். திரையில் மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரியை வரைய எடுப்பதோ 63 மைக்ரோ விநாடி சொச்சம். கற்றை வரியைத் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து மட்டை வரையப்பட வேண்டும் என்பதுதான் மட்டையின் இடம். ஆக, உங்கள் விரலின் திருப்பம் மின்தடையாகி, மின்தடை நேரமாகி, நேரம் திரையில் இடமாகிறது. கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, மட்டை அதற்குரிய இடத்தில் இருக்கும்.

பொத்தான் அப்படி அல்ல. வலப் பொத்தானை அழுத்தினால் மட்டை வலப்பக்கம் ஒரே வேகத்தில் ஓடும், விட்டால் நிற்கும். திருகு இடத்தைத் தீர்மானிக்கிறது, பொத்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பொத்தானில் சரியான இடத்தில் நிற்க வேண்டுமென்றால் 'தூரம் = வேகம் × நேரம்' என்ற கணக்கை விரலே போட வேண்டும். மட்டையின் இடது ஓரத்தால் தொட்டு அனுப்ப வேண்டும் என்ற நுணுக்கமெல்லாம் பொத்தானில் பெரும்பாடு. அதனால்தான் ஆர்க்கனாய்டு டிஎஸ் வந்தபோது, கருவியின் கீழ்ப்பக்கத் துளையில் செருகும் ஒரு தனித் திருகை ஜப்பானில் விற்றார்கள். என்னிடம் அது இல்லை. தொடுதிரையில் குச்சியை இழுத்துத்தான் ஆடுகிறேன். அதுவும் மோசமில்லை, ஏனென்றால் குச்சியும் இடத்தைத்தான் சொல்கிறது. இரண்டு திரைகளுக்கும் நடுவே கீல் இருக்கும் பட்டையைக் கண் தாண்டும்போது மட்டும் பந்து ஒரு கணம் கைவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

அந்த ஒரு கணம் சாதாரணமானது அல்ல. கீழ்த் திரையின் உயரம் 192 புள்ளிகள். கருவி விநாடிக்கு 60 படங்கள் காட்டுகிறது. பந்து ஒரு படத்துக்கு 8 புள்ளி இறங்கினால், திரையைக் கடக்க 24 படம், அதாவது 0.4 விநாடி. கண் ஒன்றைக் கண்டு கை அசைய நமக்குக் குறைந்தது 0.2 விநாடி தேவை. பாதி நேரம் அதிலேயே போய்விடும். எனவே பந்தைப் பின்தொடர்ந்து ஓடுபவர் தோற்பார். அது வந்து சேரப்போகும் இடத்துக்கு முன்னதாகவே போய் நிற்பவர்தான் தப்பிப்பார்.

பந்து எங்கே வரும் என்பதை எப்படி அறிவது? ஒரே ஒரு புகைப்படத்தைப் பார்த்து நீங்கள் சொல்ல முடியாது. பந்து ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே அதில் தெரியாது. இந்தச் சிறு உண்மை செயற்கை நுண்ணறிவு வரலாற்றிலும் இடம்பிடித்துவிட்டது. 2015 பிப்ரவரியில் 'நேச்சர்' ஆய்விதழில் டீப்மைண்ட் நிறுவனத்தார் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களின் நிரல் அட்டாரியின் 49 பழைய ஆட்டங்களைத் தானே ஆடிக் கற்றுக்கொண்டது. அதற்குக் கொடுத்தவை திரையின் புள்ளிகளும் மதிப்பெண்ணும் மட்டுமே. ஆனால் ஒரு படத்தை அல்ல, அடுத்தடுத்த நான்கு படங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இடம் மாறுவதைப் பார்த்தால்தானே திசையும் வேகமும் தெரியும்? தொடக்கத்தில் பந்தைத் தவறவிட்டுத் தடுமாறிய அந்த நிரல், ஆடி ஆடி, சுவரின் ஓரமாக ஒரு சுரங்கம் குடைந்து பந்தை மேலே அனுப்பிவிட்டால் அது மேல் சுவருக்கும் செங்கற்களுக்கும் நடுவே துள்ளித் துள்ளித் தானாகவே உடைத்துத் தள்ளும் என்று கண்டுகொண்டது. காசு போட்டு ஆடியவர்களுக்கு அந்த உத்தி எப்போதோ தெரியும். இருந்தாலும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

மறுபடி வகுப்பு

திங்கட்கிழமை வகுப்புக்குள் போனதும் பாடத்தைத் தொடங்கவில்லை. "இரண்டு வாரத்துக்கு முன் இந்த வகுப்பில் ஓர் அளவீடு சரியாக இருந்தது. நான்தான் அதைப் பிழை என்றேன்" என்று சொல்லி, அந்த மாணவியின் பெயரையும் சொன்னேன். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் மேசையைப் பார்த்தாள்.

மீண்டும் ஆட்டத்தைப் பலகையில் ஓடவிட்டோம். இந்த முறை மட்டையில் பட்ட பந்துகளை மட்டும் அளந்தோம். மட்டையின் எந்த இடத்தில் பட்டது என்பதை ஒரு பத்தியிலும், எந்தக் கோணத்தில் திரும்பியது என்பதை மறு பத்தியிலும் எழுதினோம். இருபது அளவீடு எடுத்ததும் வரைபடமாகக் குறித்தோம். புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் ஏறின. வந்த கோணத்துக்கும் போன கோணத்துக்கும் வரைந்த வரைபடத்திலோ புள்ளிகள் சிந்திய அரிசிபோல் கிடந்தன. அப்படியானால் எது எதைத் தீர்மானிக்கிறது என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் நீங்கள் செய்து பார்க்கக் கேரம் பலகை ஒன்று போதும். பலகையில் நன்றாக மாவு தூவி, அடிகாயைச் சாய்வாகச் சட்டத்தில் மோதவிடுங்கள். மாவில் தடம் விழும், அளந்து பாருங்கள். உள்ளே வந்த கோணமும் வெளியே போன கோணமும் நெருங்கி வரும், ஆனால் அச்சு அசலாகச் சமமாக இருக்காது. சட்டத்தில் உரசும்போது அடிகாய் கொஞ்சம் சுழலும், கொஞ்சம் வேகத்தையும் இழக்கும். கணினிப் பந்துக்கு இந்த இழப்பெல்லாம் கிடையாது. மெதுவாக அடித்தபோது ஒரு தடம், வேகமாக அடித்தபோது ஒரு தடம் என்று இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

வகுப்பு முடியும் நேரம், வரைபடத் தாள்களைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். பிரேக்அவுட்டில் பந்தை 4 முறை அடித்ததும் அதன் வேகம் கூடும், 12 முறை அடித்ததும் மறுபடி கூடும் என்று சற்று முன்தான் சொல்லியிருந்தேன். ஜன்னலோரக் கை மெதுவாக உயர்ந்தது.

"டீச்சர், பந்து வேகமாப் போவுதுன்னா அதோட ஆற்றல் கூடுதுதானே? மட்டை குறுக்கதான் நகருது, மேல தள்ளவே இல்ல. அப்ப அந்த ஆற்றல் எங்கேருந்து வருது?"

மணி அடித்தது. இந்த முறை நான் புத்தகத்தைக் காட்டவில்லை. அந்தக் கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதி, 'அழிக்க வேண்டாம்' என்று கீழே குறிப்பெழுதிவிட்டு வந்தேன். அடுத்த திங்கள் முதல் வேலை அதுதான்.